மெத்தைச் சூடு

ஆமா, அதே மெத்தைதான். நீங்க நம்பலைன்னாலும் பரவாயில்ல, என் கையில பட்டதை நான் எப்படி இல்லைன்னு சொல்றது?

நெதர்லாந்துல டெவென்டர்னு ஒரு ஊர், அங்க ஆத்தங்கரைத் தெருவுல ஒரு வீடு. யுத்தத்தப்போ நாஜிகளுக்குப் பயந்து யூதக் குடும்பம் ஒளிஞ்சிருந்த இடம். இப்போ மியூசியம். என் அக்கா ஃபென்னா அங்க கைடு. ஏழு மாசமா வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்காம அலையுறா. தோழி வீட்ல இருக்கேன்னு சொன்னா. எந்தத் தோழின்னு கேட்டா பேச்சை மாத்துவா. யாரோ மியூசியத்துக்குள்ளயே தூங்குறாங்கன்னு அவ மேலதிகாரி லாம்மர்ஸ் மேடத்துக்கும் சந்தேகம். மாட்டினா வேலை போச்சு.

போன டிசம்பர், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் 4:42. மியூசியம் மூடியாச்சு. அக்கா கீழ டிக்கெட் மேசையில. நான் நைசா மாடிக்குப் போனேன், அவ இங்கதான் தூங்குறாளான்னு தடயம் தேட.

கட்டில். அதுக்குப் பின்னாடி பொய்ச் சுவர். அந்தக் காலத்துல வாசல் மணி அடிச்சா, சில்லுனு இருக்கிற அடிப்பக்கம் மேல வர்ற மாதிரி மெத்தையைப் புரட்டிப் போட்டுட்டுதான் சுவருக்குள்ள ஓடுவாங்களாம். சோதனைக்கு வர்றவன் முதல்ல மெத்தையிலதான் கை வைப்பான். சூடா இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்.

நானும் கை வச்சேன்.

சூடு.

ஹீட்டர் ஓடல. தலையணை ஐஸ் மாதிரி. நடுவுல மட்டும்... ஒரு ஆள் குறுகிப் படுத்த அளவுக்கு. அடிப்பாவி, இங்கயேதானா! இப்பதான் எழுந்து கீழ போயிருக்கா!

4:47. படியில காலடிச் சத்தம். டக்... டக்... லாம்மர்ஸ் மேடம்.

யோசிக்கல. மெத்தையைப் புரட்டிப் போட ஒரு ஓரத்தைத் தூக்கினேன். குதிரைமயிர் மெத்தை, பயங்கர கனம். அசையல.

அப்புறம் அசைஞ்சுது.

எதிர் ஓரமும் மேல வந்துச்சு...

அந்தப் பக்கம் யாரும் இல்ல.

பொத்.

மேடம் உள்ள வந்தாங்க. நேரா மெத்தையில கை வச்சாங்க. சில்லுனு இருந்திருக்கும் போல, முகம் தெளிஞ்சுது.

"நீ எப்படிப்பா மேல வந்தே? டிக்கெட் எடுத்தியா?"

வெளிய வந்ததும் அக்காவைப் பிடிச்சுத் திட்டினேன். உன் வேலையை நான்தான் காப்பாத்தினேன், இனிமே அந்தக் கட்டில்ல படுக்காதேன்னேன். அவ சைக்கிள் பூட்டைத் திறக்காம அப்படியே நின்னா. ராத்திரி அங்கதான் தங்குறேன்னு ஒத்துக்கிட்டா.

"ஆனா நான் கீழ சமையல்கட்டுல படுக்குறேன்டா. அந்தக் கட்டில்ல ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"யாரோ நகர்ந்து... இடம் விட்டாங்க."

அப்போ அன்னிக்கு நான் யாரை ஒளிச்சு வச்சேன்? நீங்களே சொல்லுங்களேன், என்ன தோணுது?