லேமினேட் ஆன ஆட்டக்காரர்

நேற்று நூலகத்தில் ஒரு பெண்மணி ஏதோ அறிவிப்பை லேமினேட் செய்துகொண்டிருந்தார். சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. நம்மவர்களுக்கு அது மார்க் ஷீட்டின் வாசனை. எனக்கு மட்டும், ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் மூச்சுமுட்டிச் செத்த வாசனை.

தொண்ணூறுகளின் கடைசியில் ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் குடியிருந்தோம். எனக்குத் தொழில் கம்ப்யூட்டர், வியாதி பேஸ்பால் அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் எந்த வருடம் என்ன அடித்தார் என்று பொடி எழுத்தில் கணக்கு. மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். நான் பின்பக்கத்தைத் திருப்பி ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

அதனாலேயே ஹோம் ரன் போட்டியைக் கண்டால் எனக்கு ஆகாது. வருடத்தில் ஒரு நாள் பெரிய பெரிய புஜங்களெல்லாம் வரிசையாக வந்து, தங்களுக்கு வேண்டிய ஆளையே மெதுவாகப் பந்து போடச் சொல்லி, பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பார்கள். ஓட வேண்டாம், அவுட் ஆக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்தை மட்டும் இருபது தம்ளர் குடிக்கிற கதைதான். அதில் அடித்த ஒன்றுகூட அட்டையின் பின்பக்கத்தில் ஏறாது. இத்தனை வசை பாடுகிறவன் ஒரு வருடமாவது அதைப் பார்க்காமல் இருந்தேனா என்றால், இல்லை. முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று முனகியபடி கடைசிப் பந்துவரை பார்ப்பேன். பந்து மேலே போகும்போது வாய் தானாகப் பிளந்துகொள்ளும்.

என்னிடம் இருந்ததிலேயே உயிரான அட்டை ஒரு ஒல்லி மனிதருடையது. பன்னிரண்டு வருடம் ஆடி மூன்றே மூன்று ஹோம் ரன். தட்டித் தட்டியே காலத்தை ஓட்டியவர். பொள்ளாச்சியில் கல்லூரி கிரிக்கெட் அணிக்கு எட்டாவதாக இறங்கித் தட்டிக்கொண்டிருந்த எனக்கு அவர்மேல் சொந்தக்காரப் பாசம். அமெரிக்கா வந்து பயந்து கிடந்த முதல் வாரத்தில் வாங்கிய முதல் அட்டைப் பாக்கெட்டில் வந்தவர் வேறு.

அந்த வருடம் தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தை எடுத்துவிட்டு ஹோம் ரன் போட்டி வைத்தார்கள். பரிசுக் குழுவில் என் மனைவி விமலா. இரண்டு நாள் முன்பு வந்த நோட்டீஸில், ‘பரிசு: பேஸ்பால் அட்டை’ என்றிருந்தது. எனக்குப் பகீரென்றது. விமலா ஈரோட்டுக்காரி, நிதானமாகத்தான் சொன்னாள்.

“ஏனுங்க, ஆயிரம் அட்டை கிடக்குது. நல்லா அடிச்சவங்கள எடுத்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு, பின்னாடி படிச்சுப் பாத்து, இருக்கறதுலயே கம்மியா அடிச்ச ஆளாத்தானுங்க எடுத்தேன்.”

என் ஒல்லி மனிதரேதான். அத்தோடு விட்டாளா? பரிசென்றால் லட்சணமாக இருக்க வேண்டும் என்று, தன் டிகிரி சர்டிபிகேட்டுக்குச் செய்ததுபோலவே அதற்கும் லேமினேஷன். லேமினேட் செய்த அட்டைக்கு மதிப்பே போய்விடும்; அட்டை சேர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். அழுகை வந்தது. அவள் பின்பக்கத்தைப் படித்திருக்கிறாளே என்று ஒரு ஓரத்தில் சந்தோஷமும் வந்ததுதான் கொடுமை.

பதிலுக்குப் பத்து அட்டை தருகிறேன் என்று சங்கச் செயலாளரிடம் கெஞ்சினேன். முந்தைய வருடம் பரிசுக் குக்கரைக் கடைசி நேரத்தில் மாற்றப்போய், அது அவர் மச்சானுக்கே விழுந்து பெரிய ரகளை. அறிவித்த பரிசை மாற்றுவதில்லை என்று தீர்மானமே போட்டிருந்தார்கள். வேண்டுமென்றால் ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆளுக்கு ஐந்து பந்து; நைலான் கயிற்றைத் தாண்டி விழுந்தால் கணக்கு. எனக்கு மெதுவாகப் போட நண்பன் சேவியரைப் பிடித்தேன். கல்லூரியில் அவன் லெக் ஸ்பின்னர். கை சும்மா இருக்கவில்லை. முதல் பந்து திரும்பியது. காலை முன்னால் போட்டுக் கச்சிதமாகத் தடுத்தேன். இரண்டாவது வெளியே போனது, விட்டுவிட்டேன். கூட்டத்திலிருந்த கிரிக்கெட் பைத்தியங்கள் கைதட்டின. மூன்றாவதைத் தரையோடு கட் செய்தேன். நான்காவதைத் தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு ரன் ஓடியும்விட்டேன்.

சேவியரின் மனைவி மேரி தூத்துக்குடிக்காரர். ஆஸ்பத்திரி யூனிபார்மோடு நேரே வந்திருந்த நர்ஸ். அவருக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, ஓங்கி அடிங்கண்ணே. தட்டிட்டுத் தட்டிட்டு நிக்கியளே.”

கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். மட்டையில் பந்து பட்டதே கைக்குத் தெரியவில்லை. திறந்தபோது பந்து பெக்கான் மரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை நான் வேலை கிடைத்தபோதும் அனுபவித்ததில்லை. கயிற்றைத் தாண்டி, பக்கத்தில் யாரோ கொண்டாடிக்கொண்டிருந்த பிறந்தநாள் கேக்கில் போய் விழுந்தது. விமலா ஒரு டப்பா புளிசாதத்தோடு மன்னிப்புக் கேட்க ஓடினாள்.

அடுத்து இறங்கிய மேரி, வாழ்க்கையில் முதல்முறை மட்டையைத் தொட்டு, ஐந்தில் நான்கைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினார். பரிசை வாங்கி, யாரோ பாவம்போல இருக்கிறாரே என்று காருக்குள் முன்னால் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஜெயித்தவரிடம் எப்படிக் கேட்பது? அந்தக் காரில் போகும்போதெல்லாம் ஒல்லி மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் சேவியருக்கு வேலை போனது. இரண்டே வாரத்தில் மூட்டை கட்டினார்கள். கார் கிடைத்த விலைக்குப் போனது. தூத்துக்குடியிலிருந்து மேரி போன் செய்தார். “அண்ணே, மாதாவ எடுத்துட்டேன். அவர எடுக்க மறந்துட்டேன்.”

பிறகு அதே அட்டையைத் தேடி வாங்கினேன், லேமினேஷன் இல்லாமல், பளிச்சென்று. பின்பக்கம் அதே மூன்று. பெட்டியில் கிடக்கிறது, எடுத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. பிக்னிக் நடந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட்கள், மரமும் இல்லை. நான் அடித்த அந்த ஒன்று எந்த அட்டையிலும் ஏறவில்லை. பார்த்தவர்களில் இன்று பக்கத்தில் இருப்பது விமலா மட்டும்தான். நேற்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம், அன்றைக்கு நான் அடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“கேக்கு மேல விழுந்துச்சே,” என்றாள், “அதுங்களா?”