லினக்ஸில் ஓடாத விளையாட்டு

கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு லேப்டாப் வாங்கியதும், அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். இருபது வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வேறு எதையும் நம்பிப் பழக்கமில்லை. வைரஸ் வராது என்று அவளிடம் சொன்னேன். பழுதாகிப்போன பழைய கணினியில் அவள் விளையாடிவந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அதில் ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

தங்கவயலிலிருந்து, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் நகரத்துக்குள் இருக்கும் ஆஸ்டின் டவுனுக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தங்கவயலில் உடன் படித்த மூன்று பெண்களோடு தினமும் சாயங்காலம் அவள் சேர்ந்திருந்தது அந்த விளையாட்டுக்குள்தான். படிப்பு கெடுகிறது என்று மட்டும் நான் நினைத்தேன்.

“ஏன்ப்பா இதுல வரல?”

விளக்கினேன். லினக்ஸில் விளையாடுகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்காகத் தனியாகச் செய்து, சோதித்து, புகார் கேட்கக் கம்பெனிகளுக்கு மனமில்லை. அதைவிட, ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் காவல் புரோகிராம் ஒன்று கணினியின் அடிமட்டத்தில் உட்கார வேண்டும். லினக்ஸில் அந்த அடிமட்டத்தையே சொந்தக்காரன் மாற்றி எழுதலாம். அதனால் அவர்கள் நம்புவதில்லை.

“உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான் விடலன்னு சொல்லு,” என்றாள்.

ஒரு மாதத்தில் வீட்டில் அவள் பேச்சே குறைந்துபோயிற்று. தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். “இருந்த மூணு பேரையும் புடுங்கிட்டு, இப்ப லேப்டாப்ப கும்பிடச் சொல்றியா?” என்று மனைவி திட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விண்டோஸ் போல நடிக்கும் மென்பொருளைப் போட்டு, காவல் புரோகிராமின் கண்ணை மறைக்கச் சில வரிகளை மாற்றினேன். மதியத்துக்குள் விளையாட்டு ஓடியது. விண்டோஸையே திரும்பப் போட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. அது எனக்குத் தோல்வியாகப் பட்டது.

நான்காம் நாள், ஆட்டத்தின் நடுவில் அவள் கணக்கு முடங்கியது. ஏமாற்றியதற்காக நிரந்தர நீக்கம் என்று அவள் பெயரோடு நான்கு பேர் திரையிலும் வந்தது. உடனே ஒரு தோழி போன் செய்தாள். அவள் குரல் எனக்கே கேட்டது: “ஏய், அப்ப இத்தன நாளா ஹேக் போட்டுதான் அடிச்சியா? சீ, போடி.”

மறுநாள், அவள் வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. போனை அணைத்து வைத்திருந்தாள். அடுத்த மூன்று மணி நேரத்தில் எதையெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்பதை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. கடைசியில் தங்கவயலிலிருந்து அந்தத் தோழியின் அம்மா பேசினார்.

“உங்க பொண்ணு இங்க வந்து அழுதுட்டுப் போச்சுங்க. ஸ்டேஷன் பக்கமா போச்சு.”

டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பார பெஞ்சில் இருந்தாள். அருகில் போய் உட்கார்ந்தேன்.

“எல்லாம் எங்கப்பா பண்ணதுன்னு சொன்னேன்ப்பா. ‘உங்கப்பா சர்வர் வேலையில இருக்காரு, அவருக்கு ஹேக் போடத் தெரியாதா இன்னா’ன்னு சிரிக்கறாளுங்க.”

கம்பெனிக்கு எழுதினேன்: குற்றம் என்னுடையது, அவளுக்கு எதுவும் தெரியாது என்று. லினக்ஸை நாங்கள் ஆதரிப்பதில்லை, முடிவு மாறாது என்று பதில் வந்தது.

நான் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கி, தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பிறகு ஒருத்தி குழுவை விட்டு வெளியேறினாள்.