நீல வண்டிக்கு ஒரு பச்சைக் கதவு

பேரிகையில் ஒரு கொத்தமல்லி வியாபாரியிடமிருந்து என் கணவர் கார் வாங்கிய அன்று நான் வாசலுக்கே போகவில்லை. காயலான் கடைக்குப் போக வேண்டிய சரக்கு வழிதவறி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது என்பதைச் சத்தமே சொல்லிவிட்டது. வியாபாரியின் ஆள்தான் ஓட்டிவந்து விட்டுப் போனான். இவர் ஏன் ஓட்டவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கர்நாடகா நம்பர். துருவுக்கு நடுவே தேடிப் பார்த்தால் வானநீல நிறம். உள்ளே கொத்தமல்லி வாசனை. முன்பக்கத்து இடது கதவு நசுங்கி, திறக்க முடியாமல், கயிற்றால் கட்டியிருந்தது. "இதுதான் உன் பக்கம்" என்றார். நல்ல மரியாதை என்றேன்.

எதற்கு இந்தக் கார் என்பது எனக்குத் தெரியும். என் அண்ணனுக்காக. கார் வைத்திருந்த சம்பந்தத்தை விட்டுவிட்டு, ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு என்னைக் கொடுத்தார்கள் என்ற குறை அண்ணனுக்கு ஆறவே இல்லை. அண்ணன் இருக்கும் ஜவளகிரிக்குப் போகும்போதெல்லாம் "இன்னும் பஸ்ஸுதானா மாப்ள?" என்பார். இவர் சிரிப்பார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசமாட்டார். ஒருநாள் உன்னைக் காரில் வைத்து நானே ஓட்டிக்கொண்டுபோய் உங்கள் அண்ணன் வாசலில் நிறுத்துகிறேன் என்று கல்யாணமான வருஷமே இவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்துக் காலி மனையில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரேடியேட்டர் ஒழுகியது. அதை அடைத்தால் சைலன்சர் கழன்றது. தரையில் ஓட்டை, கால் வைத்தால் ரோடு தெரிந்தது. எல்லாவற்றையும்விட என் பக்கத்துக் கதவோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார். கதவை ஒருவழியாகத் தட்டி நிமிர்த்தி, கைப்பிடியை மாற்றி, ஒரே இழுப்பில் திறக்கும்வரை விடவில்லை. ஆனால் ஓட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டால் மட்டும் புதிதாக ஒரு கோளாறு சொல்வார்.

அந்தக் கதவுக்கு அவர் பெயிண்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமை, கை துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். நீல வண்டியில் பளபளவென்று ஒரு பச்சைக் கதவு. ஜன்னல் கம்பிக்கு வாங்கி மீந்திருந்த பெயிண்ட். ஒரு திட்டு இல்லை, ஒரு சொட்டு வழியவில்லை, அவ்வளவு நேர்த்தி. கதவுக்கு மட்டும் என்ன ஜன்னல் கம்பி கலர் என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார், சற்றுத் தாமதமாக. இது அடிப்பூச்சுதான், மேலே நீலம் வரும் என்றார். பேசும்போது அவர் பார்த்தது கதவை அல்ல, என் குரல் வந்த பக்கத்தை.

அவரைத் தெருமுனைவரை கூட்டிப்போய்த் திரும்பி நிற்கச் சொல்லி, நம் வண்டி நம்பரைப் படியுங்கள் என்றேன். கடகடவென்று ஒப்பித்தார்.

"அது உங்களுக்கு மனப்பாடம். பக்கத்துல நிக்கிற வண்டி நம்பரச் சொல்லுங்க."

அவர் வெகுநேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க வண்டி நிக்குதா?" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது. கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை நடக்கும். தொங்கவிடுவது எப்போதும் அதே எழுத்து அட்டை. பஸ்ஸில் போகிற அத்தனை பேரும் கடைசி வரிவரை மனப்பாடம் பண்ணி, விளையாட்டாக ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டே போவார்களாம். வேலை போய்விடக் கூடாதே என்று இவரும் ஒப்பித்து ஒப்பித்துத் தேறிக்கொண்டே வந்திருக்கிறார். பார்வை முழுசாகப் போவதற்குள் ஒரே ஒரு தடவை ஜவளகிரிக்கு ஓட்டிவிட வேண்டும் என்றுதான் அவசர அவசரமாகக் காரை வாங்கியிருக்கிறார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த எழுத்து அட்டையைக் கிழித்துப் போடவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. இன்றும் வருகிறது.

வண்டியை விற்றுவிடலாம் என்றார் இவர். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மிச்ச வேலையைப் பார்த்த மெக்கானிக் கதவுக்கு நீலம் அடிக்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். சர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மெக்கானிக் தன் பங்குக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டுமே வேண்டியிருந்தன, நான் ஓட்டிய லட்சணம் அப்படி.

ஜவளகிரிக்குப் போகும் வழியில், தளி தாண்டிக் காடு வந்ததும் இவர் ஜன்னலை இறக்கச் சொன்னார். முகத்தில் காற்று பட, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது கியருக்கு இறக்கு என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் அவர் சொன்னதே சரி. அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது வெளியே யாரும் இல்லை.

"ஏம்மா, நான் செத்த அந்தப் பக்கம் வந்து உக்காரட்டுமா?" என்றார்.

இடம் மாறிக்கொண்டோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்தார். அண்ணன் ஓடிவந்தார். அண்ணன் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். மாப்பிள்ளை காரில் வந்திருக்கிறார் என்று தெருவில் போனவர்களையெல்லாம் கன்னடத்தில் கூப்பிட்டுக் காட்டினார். என் கணவர் என் தோளில் கைவைத்து, ஏதோ ஆசையில் பிடிப்பவர் போல, உள்ளே நடந்தார். சாப்பாட்டில் எலும்பு எது கறி எது என்று நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போதுதான் மாட்டிக்கொண்டோம். அண்ணன் வழியனுப்ப வந்து வாசலிலேயே நின்றார். இவர் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து வண்டியையும் ஸ்டார்ட் செய்துவிட்டார். அண்ணன் கையசைத்தார். நாங்கள் நகரவில்லை. மறுபடி கையசைத்தார். நான் ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"மச்சான், எனக்குக் கண்ணு தெரியல. வரும்போதும் உங்க தங்கச்சிதான் ஓட்டிட்டு வந்தா."

இறங்கி, வண்டியின்மேல் கையைத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்தார். அண்ணன் வேகமாக வந்து இவர் கையைப் பிடித்துப் பச்சைக் கதவின் கைப்பிடியில் வைத்தார். எனக்காக இவர் சரிசெய்த கதவு ஒரே இழுப்பில் திறந்தது. இவர் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்.