வெள்ளாட்டுக்கு எண்ணெய் ஊற்றப் போன காலை

அன்று எங்கள் கொட்டகையில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, ஆடு விற்ற வாணியம்பாடி பாய், அப்புறம் அந்தச் சினை வெள்ளாடு. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எங்களுடையது இல்லை, அதனால் சேர்க்கவில்லை.

அதுதான் எங்கள் முதல் ஆடு. புளி உலுக்கிச் சேர்த்த அறுபது ரூபாயைக் கொடுத்துப் பிடித்தது. மீதியைப் பேசிய விதம்தான் வேடிக்கை. வயிற்றில் இருப்பதை யார் கண்டது என்று பாய் பேரத்தையே வயிற்றின்மேல் போட்டார். ஒரு குட்டி என்றால் இன்னும் முப்பது, இரண்டு என்றால் அறுபது. போடாவிட்டால் பாக்கியே இல்லை. ஆடு செத்தால் மட்டும் நஷ்டம் எங்களுக்கு. அந்தக் கடைசிப் பேச்சுக்கு அப்புறம் நான் சரியாகத் தூங்கவே இல்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பயப்பட மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிறுத்தை வருமோ, மழையில் நனைந்தால் இருமுமோ என்று என்னென்னவோ பயம். எல்லாவற்றுக்கும் மேல் வயிறு உப்பல். சாமை அறுத்த காலம் அது. தானியம் தின்ற ஆடு வயிறு ஊதிச் சாகும், எண்ணெய் புகட்டினால்தான் பிழைக்கும் என்று ஊரில் பேச்சு.

அன்று காலை ஆடு தழையைத் தொடவில்லை. படுத்தது, எழுந்தது, காலால் மண்ணைப் பறித்தது. முந்தின நாள் அது முறத்துச் சாமையில் வாய் வைத்தது நினைவு வந்ததும், உப்பல்தான் என்று முடிவுகட்டினேன். வீட்டுக்காரரை ஆட்டின் வாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூங்கில் குழாய் நிறைய நல்லெண்ணெயோடு கிட்டே போனேன். ஆடு தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. எண்ணெய் முழுக்க வீட்டுக்காரர் தலையில்.

“இன்னா அண்ணே, இன்னிக்கே தீவாளியா?” என்றாள் நாத்தனார்.

“சிரிக்காதமே, ஆடு சாவுது!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்தைக்குப் போகிற வழியில் பாய் எட்டிப் பார்த்தது அப்போதுதான். என் கைக் குழாயைப் பார்த்தார், வீட்டுக்காரர் தலையைப் பார்த்தார், கடைசியாக ஆட்டின் பின்பக்கம் போனார்.

“கொழாய கீழ வைம்மா. உப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது குட்டி போடுது.”

மடி கனத்து, வாலடி தளர்ந்திருந்தது. நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி வழுக்கிக்கொண்டு வந்தது.

“முப்பது,” என்றார் பாய்.

“போதும், அவ்ளோதான்,” என்று வீட்டுக்காரர் ஆட்டிடம் சொன்னார். எனக்கோ இன்னொன்று வேண்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

“இரு அண்ணே, வயிறு இன்னும் எறங்கல,” என்றாள் நாத்தனார். ஆடு மறுபடி முக்கியது.

“அறுபது!”

இரண்டும் பெட்டை. விடியும்போது ஓர் ஆடு; பொழுது ஏறுவதற்குள் மூன்று.

எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. “பாய், மூணாவது வந்தா இன்னா கணக்கு?”

“வந்தா அது அண்ணன் சீரு, தங்கச்சி,” என்று சிரித்தார். வரவில்லை.

சாமைப் பானைக்குள் போட்டு வைத்திருந்த பதினைந்து ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கி மடித்துக்கொண்டார்.

“மீதிய புளி உலுக்கனப்புறம் குடுங்க. அதுவரைக்கும் எண்ணெய மனுசனுக்கு மட்டும் வைங்க,” என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு இறங்கிப் போனார்.

பாக்கி நாற்பத்தைந்து ரூபாய்.