பொதுச்சுவரும் வயர்லெஸ் கார்டும்

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் இதைச் சொல்லாமல் விட்டேன். அதனால் நடந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. வேலைக்குச் சேர்ந்தது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குமரன் என்பவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். 2004-இல் அங்கே பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். அப்போதே எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முதல் நாள் மேசைமேல் ஒரு சிபியூ திறந்து கிடந்தது. உள்ளே ஒரே ஒட்டடை. விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து எடுக்கப் போனேன். குமரன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, அது அடுப்பாங்கரை இல்ல. போர்டு போயிடும். பெயின்ட் பிரஷ் இருக்கு பாரு, அத எடுத்து மெதுவா தட்டு."

தட்டினேன். அடுத்த மாதம் ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதற்கப்புறம் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினேன். இரண்டு வருடத்தில் ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றும் அளவுக்கு வந்துவிட்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்ததை மறக்க மாட்டேன், அவ்வளவுதான். திரையில் எந்தப் பெட்டி எந்த மூலையில் வரும், எத்தனையாவது நெக்ஸ்ட்டில் நிற்க வேண்டும், எது பச்சை, எது சிவப்பு என்று எல்லாம் படமாக மனசில் இருக்கும். மஞ்சள் முக்கோணம் போட்டு ஏதாவது கேட்டால் குமரன் சொன்னது ஒன்றுதான்: "பயப்படாத, இடது பக்கப் பட்டன அழுத்து."

பெண்கள் மட்டும் இருக்கும் வீடு, நோயாளி படுத்திருக்கும் அறை என்றால் பையன்களை அனுப்ப முடியாது. "லூர்தம்மாவ அனுப்புங்க" என்று வாடிக்கைக்காரர்களே பேர் சொல்லிக் கேட்பார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் பையோடு பஸ் ஏறுவேன். எனக்கு அதில் திமிர் உண்டு. இப்போதும் உண்டு.

2. மாடியில் மாட்டியது

2008-இல் சிதம்பரத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டம்மா பெயர் ஜெயந்தி. புருஷன் சவுதியில் வேலை. பிள்ளை கிடையாது. ஒரே வீட்டை நடுவில் பிரித்து, ஒரு பாதியில் இந்த அம்மாவும் மறு பாதியில் கொழுந்தனார் சந்தானமும் இருந்தார்கள். பாகப்பிரிவினைத் தகராறு கோர்ட்டில் கிடந்தது. கேஸ் முடியும்வரை பொதுச்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று உத்தரவு.

போனும் மோடமும் கீழே முன்னறையில். கம்ப்யூட்டர் மாடியில். மாடிப்படி அந்தப் பொதுச்சுவரை ஒட்டித்தான் ஏறுகிறது. கேபிள் இழுத்தால் கிளிப் அடிக்க வேண்டும். கிளிப்புக்கு ஆணி வேண்டும். அதனால்தான் வயர்லெஸ் கார்டு.

குமரன் மோடத்தைக் கடையிலேயே செட் செய்து, பத்து இலக்க நம்பர் ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "கனெக்ட் குடுத்தா கீ கேக்கும். இதப் பாத்து அடி. தப்பா அடிச்சா உள்ள வுடாது."

நான் போனது வெள்ளிக்கிழமை. ஜெயந்தி காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, போன வாரம் எங்க கொழுந்தனாரு வந்தாரு. ஆறு வருசத்துக்கு அப்புறம் எங்க வாசப்படி ஏறுனாரு. அவரு பொண்ணு பிரியாவுக்குக் கல்யாணம்."

பிரியாவுக்கு இரண்டு வயதில் தாய் இறந்துவிட்டாள். அதிலிருந்து கேஸ் போடும்வரை வளர்த்தது ஜெயந்திதான். சந்தானம் பெண்சாதி இல்லாதவர், தனியாக மனையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்க முடியாது. அண்ணனும் அண்ணியும்தான் உட்கார வேண்டும்.

"'அண்ணி, நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்து குடுத்தாத்தான் எம்பொண்ணுக்கு நல்லது'ன்னாரு. இவரும் லீவு கேட்டிருக்காரு. நான் அவளுக்குத் தல பின்னி ஆறு வருசம் ஆச்சு யக்கா."

நான் பவர் கார்டைப் பிடுங்கினேன். பக்கத் தகட்டைக் கழற்றி, கையிலிருக்கும் கரண்ட் போக இரும்பு பாடியைத் தொட்டேன். பின்னால் ஒரு மூடித் தகட்டை எடுத்துவிட்டு, கார்டை ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி உட்காரவைத்து ஸ்க்ரூ போட்டேன். ஆன்டெனாவைத் திருகி நிமிர்த்தினேன். ஆன் செய்ததும் புது ஹார்டுவேர் வந்திருக்கிறது என்று பெட்டி வந்தது. அதை மூடிவிட்டு சிடி போட்டேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். மஞ்சள் முக்கோணம். இடது பட்டன். ரீஸ்டார்ட்.

கீழ் வலது மூலையில் குட்டிப் படம் வந்தது. அதைத் தட்டினால் லிஸ்ட். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே இருந்ததில் பச்சைக் கோடு ஐந்தும் நிறைந்திருந்தது. கீழே இருந்ததில் ஒரே கோடு. நான் ஐந்து கோட்டைத் தட்டினேன். மறுபடியும் மஞ்சள் முக்கோணம், நாலு வரி இங்கிலீஷ். இடது பட்டன். உடனே கனெக்ட் ஆகிவிட்டது.

கீ கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் ஜெயந்தி வீடியோ சாட்டைத் திறந்துவிட்டார். சவுதியில் வெள்ளிக்கிழமை லீவு. அவர் புருஷன் முகம் கட்டம் கட்டமாக வந்து, பிறகு தெளிவானது. "தெரியுது, தெரியுது. ஏன் இப்படி எளைச்சிட்ட?" என்றார். ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த நேரத்தில் அதைப் பிடுங்கிவிட்டு, 'இந்த நாலு வரியில் என்ன எழுதியிருக்கு, படியுங்கம்மா' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா என்னை என்ஜினியரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது டிக்கெட் எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். சீட்டு மடித்தது மடித்தபடியே இருந்தது.

கடையில் குமரன் கேட்டார். "கீ போட்டியாக்கா?"

"போட்டேன்" என்றேன்.

3. இரண்டாவது முறை

ஒரு மாதம் கழித்து ஜெயந்தி கடைக்கு போன் செய்தார். நெட் வரவில்லையாம். குரல் சரியில்லை. மறுநாள் காலையில் போனேன்.

பக்கத்துப் பாதியில் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"கொழுந்தனாரு வூட்டுல நெட்டு ஸ்லோவா இருக்குதுன்னு காலேஜ் படிக்கிற சொந்தக்காரப் பையன் வந்து பாத்தானாம். அவுங்க மோடத்துல ரெண்டு கம்ப்யூட்டர் ஓடுதாம். ரெண்டாவதுல என் பேரு இருக்குதாம். பந்தக்காரன், பூக்காரன் எல்லாம் நிக்கிறப்ப, 'வூட்டுல பங்கு கேட்டது பத்தாதுன்னு இப்ப லைனயும் திருடுறீங்களா அண்ணி'ன்னு கேட்டாரு. நெசமா யக்கா? நாம அவுரு லைன்லயா இருந்தோம்?"

விற்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் வாங்குகிறவர் பெயரையே வைப்பது குமரன் வழக்கம். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே ஐந்து கோடு. தட்டினால் இப்போது கீ கேட்டது. சீட்டில் இருந்த நம்பரை அடித்தேன், உள்ளே விடவில்லை. இரண்டாவதாக இருந்த ஒற்றைக் கோட்டைத் தட்டி அதே நம்பரை அடித்தேன். விட்டது.

எல்லாம் விளங்கிவிட்டது. கீழிருக்கும் ஜெயந்தியின் மோடம் மாடிக்கு எட்டுவதற்குள் இளைத்துப்போகிறது. சந்தானத்தின் மோடம் மாடியில், பிரியாவின் அறையில், பொதுச்சுவருக்கு அந்தப்புறமே இருக்கிறது. ஆணி நுழையக் கூடாத சுவரில் அது தாராளமாக நுழைந்திருக்கிறது. ஒரு மாதமும் அவர் லைனில்தான் இந்த அம்மா புருஷனோடு பேசியிருக்கிறார். கீ இல்லாமல் திறந்து கிடந்ததை அந்தக் காலேஜ் பையன் இப்போது பூட்டிவிட்டான்.

"சொல்லு யக்கா."

எனக்குப் படிக்கத் தெரியாததால் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் இனி யார் என்னை உள்ளே விடுவார்கள் என்று தோன்றியது. பெருக்கப் போனவளாகவே திரும்பிவிடுவேன் என்று தோன்றியது.

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. ஒங்க லைன்லதான் இருந்துச்சி. ஆன்டெனா லூசு. முடுக்கிட்டேன்."

"சத்தியமா?"

"நான் மாட்டுனதும்மா. எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அது போதும். இன்னிக்கே போய் அவர்கிட்ட சொல்றேன்" என்றார். நான் ஆன்டெனாவைத் திருப்பி, ஒற்றைக் கோட்டை இரண்டு கோடாக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

4. கழற்றியது

அடுத்து அவர் கூப்பிட்டது கார்டைக் கழற்றச் சொல்லி. நான் போனபோது பக்கத்து வாசலில் வாழைமரம் காய்ந்து சாய்ந்திருந்தது. கல்யாணம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும்.

மாடியில் கட்டிலில் ஒரு பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஜெயந்தி மெதுவாகச் சொன்னார். நான் கிளம்பிய அன்று மாலையே சந்தானத்தின் வாசலில் போய் நின்றிருக்கிறார். "எங்க லைன்லதான் இருந்தேன். மாட்டுனவங்களே வந்து பாத்துட்டுச் சொன்னாங்க" என்றிருக்கிறார். அவர் நம்பவில்லை. பத்துப் பேர் முன்னால் ஜெயந்தி தரையில் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, திருடவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். உடனே அந்தக் காலேஜ் பையன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, மோடத்தில் பதிவாகியிருந்த பெயரையும் நாளையும் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறான்.

"திருடுனாக்கூட மன்னிச்சிருப்பாரு யக்கா. கற்பூரம் அடிச்சுப் பொய் சொன்னவ மனையில ஒக்காந்தா எம்பொண்ணு வெளங்குமான்னு கேட்டுட்டாரு. பண்ருட்டியிலேர்ந்து ஒரு ஜோடியக் கூட்டியாந்து ஒக்கார வச்சாங்க. இவரும் லீவக் கேன்சல் பண்ணிட்டாரு. பொண்ணு கார் ஏறுறத இந்த ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். நிமிர்ந்து பாக்கவே இல்ல அவ."

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். லிஸ்ட்டில் பேர் படிக்கத் தெரியாததை, கீ கேட்காததை, சீட்டு மடித்தபடி இருந்ததை, இரண்டாம் முறை தெரிந்தே பொய் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

ஜெயந்தி திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்த பட்டுப்புடவையை எடுத்து பீரோவுக்குள் வைத்தார். பிறகு, "வா, அவர்கிட்ட வந்து சொல்லு" என்று எழுந்தார்.

சந்தானம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"படிக்கத் தெரியாத பொம்பள கம்ப்யூட்டரக் கழட்டி மாட்டுச்சாக்கும். யாரு காதுல பூ சுத்துறீங்க?"

"நெசமாத்தான் சார். எனக்கு இங்கிலீஷு வராது."

மேசைமேல் மீந்திருந்த கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "படி."

"தெரியாது சார்."

"நல்லா நடிக்கிற. எங்கேர்ந்து அண்ணி புடிச்சீங்க இந்த ஆள?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் நடிக்கல. ஒரு சிபியூவ என் முன்னால வையுங்க, கண்ண மூடிக்கிட்டு மாட்டிக் காட்டுறேன்" என்றேன்.

அவர் ஜெயந்தியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? கண்ண மூடிக்கிட்டு மாட்டுவாங்களாம். லிஸ்ட்டுல இருந்த ரெண்டு பேர மட்டும் படிக்கத் தெரியாதாம்."

ஜெயந்தி என் முழங்கையைத் தொட்டார். "வாங்க யக்கா. போதும்."

மாடிக்குப் போய் கார்டைக் கழற்றினேன். மூடித் தகட்டைத் திரும்ப வைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். நான் படியிறங்கும்போது அவர் கூட வரவில்லை.

குமரனிடம் சொன்னேன். அவர் சந்தானத்துக்கு போன் செய்து பேசிப் பார்த்தார். கடைக்காரனும் கூட்டு என்று சொல்லி போனை வைத்துவிட்டாராம். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "கீ போட்டேன்னு சொன்னியேக்கா" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். 

2012-இல் கடை மூடும்வரை அங்கேதான் இருந்தேன். அதற்குள் எத்தனையோ வீட்டில் வயர்லெஸ் மாட்டியாயிற்று. லிஸ்ட் வந்ததும் மவுசிலிருந்து கையை எடுத்துவிடுவேன். "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒங்க பேரு எதுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பேன். கடைசி வருடம் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"படிக்கத் தெரியாம எதுக்கும்மா வந்தீங்க?"

"மாட்ட வந்தேன். மாட்டிட்டேன். படிக்க வேண்டியது நீங்க."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது அவருடையது. முதலில் இருந்தது எதிர்வீட்டு அண்ணனுடையது என்றார். அதில்தான் கோடு ஐந்தும் நிறைந்திருந்தது.

"அது பக்கம் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு, பர்ஸிலிருந்து கீ எழுதிய சீட்டை எடுத்துப் பிரித்தேன்.