ரூட்டர் மேல் கவிழ்த்த அண்டா

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தெரிந்ததெல்லாம் என் மருமகள் சொன்னதுதான். லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் என்பது பத்தாயம். நெல்லைக் கொட்டி வைத்தால் அப்படியே கிடக்கும். ரேம் என்பது களம். வேலை நடக்கிறவரை பரப்பி வைக்கலாம், அணைத்துவிட்டால் களம் காலி. நெட், வயரில் வீடுவரை வருகிற வாய்க்கால். கூடத்து அலமாரியில் பச்சையாய்க் கண்சிமிட்டும் ரூட்டர்தான் மடை. அங்கிருந்து காற்றிலேயே அறைக்குப் பாய்வது வைஃபை.

அன்று காலை பதினொரு மணிக்கு அவளுக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. கிடைத்தால் வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவள் போய்விட்டால் சண்டை போட எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் இறங்கியது. உடம்பை அரிக்கிற நெல் சுணை தூசாய்க் கூடம் வரைக்கும் பறந்தது. ரூட்டருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று, கும்பகோணத்தில் வாங்கிய சின்னப் பித்தளை அண்டாவை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, பெரிய வேலை முடித்தவளாய் அடுப்படியில் கீரை ஆய உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "சார், கேக்குதுங்களா? சார்?"

சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிட்டது, படம் அசையவில்லை என்று அங்கிருந்தே எனக்குச் சொன்னாள். ரேம் நிறைந்துவிட்டதோ என்று, திறந்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுவதாகவும் சொன்னாள். களத்தில் ஒரு குறையும் இல்லை, மடையை அடைத்தவள் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூடத்துக்குப் போக அவள் அறை வாசலைத் தாண்ட வேண்டும். கேமராவில் விழுந்துவிடுவேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நிற்பது எனக்கு ஆகாது. முழங்கால் வலியோடு தவழ்ந்துபோய் அண்டாவைத் தூக்கினேன்.

"வந்துடுச்சு சார்" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் அண்டாவைப் பார்த்து, "இது ஏன் அத்தை கூடத்துல கெடக்கு?" என்றாள்.

"தேய்க்கணும்னு எடுத்தேம்மா."

சொன்ன பாவத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தேன். ரேமைக் காலி செய்ததால்தான் சிக்னல் வந்ததென்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.

களம், பத்தாயம், மடை என்று எழுதியதெல்லாம் சரிதானா, பித்தளை வைஃபையை மறிக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். என் மருமகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.