சோபாவில் ஒரு காசி யாத்திரை

என் கணவருக்கு ஒரு பழைய பயண நூல்மீது தீராத காதல். இரண்டு நண்பர்கள் காசிக்கு நடந்தே போன கதை. அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, ஏழெட்டு முறை படித்துவிட்டார், எல்லாம் சோபாவில் சாய்ந்தபடி. அவர் நிஜமாகவே காசியை நோக்கி நடந்தது எங்கள் கல்யாணத்தில்தான், குடையும் கைத்தடியுமாக நாலடி. அதற்குள் என் அப்பா கெஞ்சித் திருப்பி அழைத்து வந்துவிட்டார்.

போன வருஷம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். எலெக்ட்ரானிக் சிட்டியில் வீட்டு வாசலில் கேப் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கியே பழகிய மனுஷர். "நாளைலேர்ந்து" என்பார். அந்த நாளை வரவேயில்லை. எனக்குப் பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இனிமே நான்தான் படிப்பேன். நீங்க நடந்தா படிப்பேன், நின்னா மூடிடுவேன்."

மறுநாள் காலை அபார்ட்மென்ட் பாதையோரம் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். அவர் என்னைக் கடக்கும்போது ஒரு வரிதான் காதில் விழுந்தது. "இப்படியே போனா கங்கைக்குப் போறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்" என்று முறைத்தார். சரியென்று நானும் கூடவே நடந்து வாசித்தேன். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு முறை தடுக்கினேன். எதிரே நாயோடு வந்த கன்னடக்காரர், "ஏன் மேடம், எக்ஸாமா?" என்றார். "ஹௌது சார், இவருக்குத்தான்" என்று ஆமாம் போட்டேன்.

மூன்று வாரத்தில் நர்மதையைத் தாண்டினோம். அடுத்த அத்தியாயத்தில் நண்பர்களில் ஒருவர், வழியில் ஒரு சத்திரத்தில், நெஞ்சுவலி வந்து இறந்துபோவார். முந்தின இரவே படித்துப் பார்த்திருந்த நான் சத்தமில்லாமல் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். நெட்டுருப் போட்டவரிடம் அது பலிக்குமா?

"சத்திரம் எங்க?"

"காத்துல பக்கம் புரண்டுடுச்சு."

"பொய் சொல்லாத, படி."

"எனக்குப் பயமா இருக்குங்க." சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் நிற்கவில்லை. "அந்த ஆளு நடந்து சாகலடி. கால் வலிக்குதுன்னு சத்திரத்துல ரெண்டு மாசம் உக்காந்துட்டான் பாரு, அதுக்கப்புறம்தான் போனான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களுக்குத் திரும்பி வாசித்தேன். அந்த மனிதர் கண்மூடியபோது எங்கள் முக்கால் மணி நேரக் கணக்கும் அன்றைக்கு முடிந்திருந்தது. புத்தகத்தை மூடி லிஃப்ட் பக்கம் திரும்பினேன்.

"இன்னொரு ரவுண்டு போலாம், வா" என்றார். அவராகக் கேட்ட முதல் ரவுண்டு அது.